எட்டுப் பேர் தள்ளும் படகு

சூசைப்பட்டினம்
9 ஜூன் 2025

அண்ணே,

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரிவரைக்கும் வந்துவிட்டாய் என்றால், மீதியையும் படித்துவிடு. நான் தமிழ்மதி. உனக்கு ஒரு தங்கச்சி இருந்தாளே, அவள்தான்.

உன்னைப் பேசவைப்பதற்காக இதை எழுதவில்லை. நானும் இஞ்ஞாசியும் ரிஜிஸ்தர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்ட மறுநாள், கோட்டை மாரியம்மன் கோயிலில் அம்மா தலையில் அடித்து நீ செய்த சத்தியம் எனக்குத் தெரியும். "இனி அவகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன், அவ வாசல மிதிக்க மாட்டேன்" என்றாயாம். உன் பட்டறை மூக்கையா அண்ணன்தான் போனில் சொன்னார். அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் பழுதாகி, வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிறீர்கள் என்றும் அவர்தான் சொன்னார். இந்த நேரத்தில் அந்தச் சத்தியத்தோடு விளையாட எனக்கும் தைரியம் இல்லை. எனக்கும் அவள் அம்மாதானே. ஆனால் எழுதக் கூடாது என்று நீ சொன்னதாக யாரும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். போன மார்கழியில் எங்கள் வள்ளம் நடுக்கடலில் பிளந்துபோனது. இங்கே படகை வள்ளம் என்பார்கள். உன் பட்டறையில் இரண்டு வருஷம் தண்ணீர் டேங்குக்கு மூடி ஊற்றிக்கொண்டிருந்த இஞ்ஞாசி, ஒரு டீசல் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார். அவரும் அவர் தம்பியும் உயிரோடு வந்ததே போதும் என்று அன்றைக்கு இருந்தது. இப்போது புதுப் படகு வாங்க வேண்டும். தூத்துக்குடியில் படகு செய்கிற இடத்தில் இரண்டு விதம் வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு அடிப்பக்கம் தட்டை, நம் வீட்டுத் தாம்பாளம் மாதிரி. இன்னொன்றுக்கு அடி நடுவில் கூராக இறங்கி வி எழுத்து மாதிரி இருக்கிறது. இவர் தட்டை என்கிறார். எனக்கு அந்தக் கூர் அடி மேல்தான் நம்பிக்கை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை, பார்த்தால் தண்ணீரை அறுத்துக்கொண்டு போகும் என்று தோன்றுகிறது. "திண்டுக்கல்லுக்காரிக்குக் கடல் தெரியுமாட்டி?" என்று இவர் சிரிக்கிறார்.

விற்கிறவன் எதைக் கேட்டாலும் "நல்லாருக்கும்" என்கிறான். ஃபைபரில் உனக்குத் தெரியாதது இல்லை. முரட்டுக் கடலுக்கு எந்த அடி என்று நீ ஒரு வரி எழுதினால் இவர் கேட்பார். உன்னை இன்னும் முதலாளி என்றுதான் சொல்கிறார்.

அம்மா சாப்பிடுகிறாளா என்று மட்டும் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடு.

தமிழ்மதி


திண்டுக்கல்
17 ஜூன் 2025

தமிழ்மதிக்கு,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நான்கு நாளாக உன் கடிதம் பட்டறை மேசையில் பசை டப்பாவுக்கு அடியில் கிடந்தது. மூக்கையா போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அவன் தொல்லை தாங்காமல் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

என் சோற்றைத் தின்று, என் பட்டறையில் வேலை பழகி, என் வீட்டுப் பெண்ணையே கூட்டிக்கொண்டு போனவனுக்கு நான் படகு தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டுமாம். நல்ல நியாயம். சரி, அது போகட்டும். உயிர் விஷயம் என்று கேட்டிருக்கிறாய்.

கொடைக்கானல் ஏரிக்கு நான் எத்தனை பெடல் போட் செய்து அனுப்பியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். எல்லாம் தட்டை அடிதான். இறக்கும் முன் ஒரு சோதனை வைப்போம். நம் ஜமால் முகமது பாய் இருக்கிறாரே, தோல் லாரி வைத்திருக்கிறவர், அவரை ஒரே ஓரத்தில் ஏறி நிற்கச் சொல்வேன். அவர் உடம்பு நீ பார்த்ததுதான். அதற்கே படகு அசையாமல் நிற்கும். ஒரு தடவை ஆசைக்கு வி அடியில் ஒன்று செய்து பார்த்தேன். பாய் கால் வைத்ததும் சாய்ந்து அவரைத் தண்ணீரில் கொட்டிவிட்டது. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஏறும்போதே ஆடுகிற படகு அலையில் என்ன ஆட்டம் ஆடும்?

அதனால் தட்டைதான், சந்தேகமே வேண்டாம். அடியில் ஃபைபருக்கான கண்ணாடி இழைப் பாய் ஆறு அடுக்காவது போட்டிருக்கிறானா என்று தட்டிப் பார்த்து வாங்குங்கள். இந்த விஷயத்தில் மாப்பிள்ளை சொல்வதுதான் சரி. (எழுத வேறு வார்த்தை கிடைக்காததால் மாப்பிள்ளை என்று எழுதினேன். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

அம்மா அரைக் கரண்டி சோறு சாப்பிடுகிறாள். உப்பில்லாத வெஞ்சனம், தண்ணீருக்கும் அளவு. அதற்காக என்னைத் திட்டுகிறாள். திட்டும்போதுதான் பழைய அம்மா மாதிரி இருக்கிறாள்.

அழகுராஜா


சூசைப்பட்டினம்
3 ஜூலை 2025

அண்ணே,

உன்னை எனக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்டேன். நீ எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். தட்டை அடி என்ற இடம் வந்ததும் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அதைக் கேட்கவே இல்லை. அடுத்த வரியில் நின்றுவிட்டார். "அத இன்னொருக்கப் படி" என்றார். படித்தேன். "மாப்பிள்ளைன்னா எழுதியிருக்காரு?" என்று காகிதத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துத் தானே பார்த்தார். அடைப்புக்குறிக்குள் நீ எழுதியதையும் படித்துச் சிரித்தார். அன்றைக்கே தூத்துக்குடிக்கு பஸ் ஏறித் தட்டை அடிக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். கடிதத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். படகு செய்கிறவனிடம், டீக்கடையில், பக்கத்து ஊர்க்காரர்களிடம், "எங்க மச்சான் ஃபைபர் கம்பெனி வச்சிருக்காரு, அவரு சொன்னது" என்று எடுத்துக் காட்டுகிறார். நான் என்ன செய்ய?

படகு போன வாரம் வந்தது. நீலமும் மஞ்சளும். அழகாகத்தான் இருக்கிறது. ஏறி நின்றால் நீ சொன்னபடி அசையவே இல்லை. நானும் ஒரு நாள் போனேன். அலை உடைகிற இடத்தைத் தாண்டி எஞ்சினை முடுக்கினார். அண்ணே, ஒவ்வொரு அலைக்கும் படகு எழும்பி எழும்பித் தண்ணீரில் விழுந்தது. தண்ணீர் இல்லை அது, சிமெண்ட் தரை. பல்லோடு பல் இடித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவர் பின்னால் நின்றுகொண்டு முழங்காலை மடக்கி மடக்கி வாங்கினார். "பழகிரும்" என்கிறார். இது காற்றே இல்லாத நாள். கச்சான் என்று இங்கே சொல்கிற தென்மேற்குக் காற்று இனிமேல்தான் முறுக்கும்.

அவர் தட்டை அடி கேட்டதற்கு இன்னொரு காரணம் உண்டு. போன கடிதத்தில் அதை எழுத வெட்கமாக இருந்தது. இங்கே துறைமுகம் கிடையாது. தினமும் படகை மணலில் தள்ளி இறக்கி, வந்ததும் இழுத்து ஏற்றி வைக்க வேண்டும். யார் படகு வந்தாலும் கரையில் இருக்கிறவர்கள் வந்து கை வைப்பார்கள். கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டிப் போகிறவர்கூட வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கை வைத்துவிட்டுத்தான் போவார். அது இந்த ஊர் வழக்கம். எங்கள் படகுக்கு மட்டும் யாரும் வருவதில்லை. ஊரைக் கேட்காமல் வெளியில் பெண் எடுத்ததற்கு ஊர்க் கமிட்டி முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். "கல்யாணம் பண்ணுனதுக்கு மன்னிப்பாவே?" என்று இவர் எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து இப்படித்தான். நாங்கள் இழுக்கும்போது வலை பின்னுகிறவர்கள் தலையைக் குனிந்து கொள்கிறார்கள். தட்டை அடி என்றால் எடை குறைவு. இவரும் கொழுந்தனும் நானும் மூன்று பேரே இழுத்துவிடுகிறோம்.

அம்மாவை அதிகம் திட்டச் சொல்.

தமிழ்மதி


திண்டுக்கல்
23 ஜூலை 2025

தமிழ்மதிக்கு,

இந்தக் கடிதம் கிடைத்தவுடன் அந்தப் படகைக் கரையில் கவிழ்த்துப் போடச் சொல். காற்று நிற்கும்வரை அதில் கடலுக்குப் போகக் கூடாது. மூக்கையா நேற்றிலிருந்து போன் அடிக்கிறான், உங்கள் பக்கம் லைன் கிடைக்கவில்லை. முதலில் இதைச் செய்துவிட்டு மீதியைப் படி.

நீ நாக்கைக் கடித்துக்கொண்டதாக எழுதியது எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. இரண்டு முழ நீளத்தில் இரண்டு மாதிரிப் படகு ஊற்றினேன். ஒன்று தட்டை அடி, ஒன்று வி அடி. மணலை அள்ளி எடை ஒன்றாக்கி, இரண்டிலும் ஒரு கொட்டாங்கச்சி நிறையத் தண்ணீர் வைத்து, மூக்கையாவோடு ஆத்தூர் காமராஜர் அணைக்குப் போனேன். ஆடிக் காற்று. அம்மியே பறக்கும்போது அணைத் தண்ணீர் சும்மா இருக்குமா? அங்கே மீன் பிடிக்கிற பரிசல்காரரிடம் கெஞ்சி, இரண்டையும் கயிற்றில் கட்டி இழுத்துப் பார்த்தோம்.

நிற்கும்போது நான் சொன்னதுதான். தட்டை அசையவில்லை, வி இரண்டு பக்கமும் ஆடியது. இழுக்க ஆரம்பித்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. தட்டை ஒவ்வொரு அலையிலும் அறை வாங்கியது. கொட்டாங்கச்சி முதல் இருபது அடியிலேயே காலி. வி அலையைக் கிழித்துக்கொண்டு போய் மெதுவாக உட்கார்ந்தது. அதன் கொட்டாங்கச்சியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. மூக்கையா என்னைப் பார்த்தான். நான் அணையைப் பார்த்தேன்.

ஏரிப் படகு நின்றால் போதும் தமிழு. டிக்கெட் வாங்கினவன் விழாமல் ஏறி இறங்கினால் அதுதான் நல்ல படகு. பதினெட்டு வருஷமாக நான் நிற்கிற படகு மட்டுமே செய்திருக்கிறேன். ஓடுகிற படகைப் பற்றி எவனாவது கேட்டிருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பேன். நீ கேட்டதால் தெரிந்த மாதிரி எழுதிவிட்டேன்.

முரட்டுக் கடலுக்கு வேண்டியது இது: முன்பக்கம் ஆழமான வி, பின்னால் வரவர அது கொஞ்சம் அகலமாக வேண்டும். மூக்கு உயர்ந்து வெளியே விரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் ஏறி வருகிற தண்ணீரை வெளியே தள்ளும். ஓரம் உயரமாக, முன்னால் மூடி போட்டு, உட்காருகிற பலகைக்குள் எல்லாம் நுரை அடைத்து மூட வேண்டும். கவிழ்ந்தாலும் முழுகாது. இதை மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டு. பழைய காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதைப் பையில் வைக்கச் சொல்.

கயிறு இழுத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்ட கையை நீட்டிக்கொண்டு அம்மா, "என்னடா சட்டையெல்லாம் ஈரம்?" என்றாள். மழை என்றேன். திண்டுக்கல்லில் மழை என்றால் அவள் நம்புவாளா?

அழகுராஜா


சூசைப்பட்டினம்
8 ஆகஸ்ட் 2025

அண்ணே,

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முந்தியே முடிந்துவிட்டது. கச்சான் முறுக்கிக்கொண்டிருந்தது. மற்ற வள்ளம் எதுவும் இறங்கவில்லை. அதற்கு முந்தின வாரம் முழுக்க வீட்டில் அடுப்பு சரியாக எரியாததால் இவர் இறங்கினார். கரையிலிருந்து பார்த்தால் படகு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. திரும்பி வரும்போது உயரமான ஒரு அலையிலிருந்து விழுந்ததில் அடிப்பக்கம் கீறிவிட்டது. இவருக்கு முதுகில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டதாம். கொழுந்தன்தான் எஞ்சினைப் பிடித்து ஓட்டி வந்தான். மூன்று பேரே இழுக்க முடிகிற படகு என்று வாங்கினோமே, அன்றைக்கு அதை நானும் கொழுந்தனும் இழுத்தோம், உள்ளே இவரைப் படுக்க வைத்துக்கொண்டு.

முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருக்கிறது. ஒட்டிவிடும், ஆனால் மூன்று மாதம் பெல்ட் போட வேண்டும், முதல் ஒரு மாதம் படுத்தே இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். கால் அசைகிறது. அதற்காக நான் எத்தனை சாமியைக் கும்பிட்டேன் என்று கேட்காதே, உன் சாமி, அவர் சாமி எல்லாம்தான்.

உன் புதுக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். உன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். தெரியாத விஷயத்துக்கு "சந்தேகமே வேண்டாம்" என்று எழுத எப்படி மனசு வந்தது? இவரும் கோபப்படுவார் என்று பார்த்தேன். கூரையைப் பார்த்தபடி கேட்டுவிட்டு, "மச்சான் அணைக்கெல்லாம் போய்ப் பாத்திருக்காரு பாரு" என்றார். பழைய கடிதத்தைக் கிழிக்கவா என்று கேட்டேன். "படகு தப்பா இருந்துட்டுப் போவுது, அந்த வார்த்த தப்பில்லல்லா?" என்று கவரை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இந்த மனிதனை நான் என்ன செய்வது, நீயே சொல்.

வி அடி நல்லதுதான். நான் அன்றைக்கே சொன்னேன். ஆனால் நீ எழுதியிருக்கிற உயரத்துக்கும் நுரைக்கும் எடை கூடும். அது மணலில் குத்தி நிற்கும், வழுக்காது. இங்கே அப்படி ஒரு படகை எட்டுப் பேர் தள்ளுகிறார்கள். ஊரில் டிராக்டர் ஒன்று இருக்கிறது, அது கமிட்டியுடையது. கரையில் இரும்புத் தூண் நட்டுச் சங்கிலியில் இழுக்கலாம் என்று கேட்டுப் பார்த்தோம். கரை பொது, தூண் நடக் கூடாது என்றார்கள். எங்களுக்கு எட்டுப் பேர் இல்லை அண்ணே.

தமிழ்மதி


திண்டுக்கல்
14 செப்டம்பர் 2025

தமிழுக்கு,

இத்தனை நாள் எழுதவில்லை. வேலை நடந்துகொண்டிருந்தது. கொடைக்கானல் ஆர்டரை ஓரம் கட்டிவிட்டு மாப்பிள்ளைக்கு ஒரு படகு ஊற்றியிருக்கிறேன். அச்சு மூன்று தடவை செய்தேன். முதல் அச்சு மூக்கு தாழ்ந்துவிட்டது, இரண்டாவது வயிறு பெருத்துவிட்டது. மூன்றாவது சரியாக வந்தது. வெயிலில் காய்கிறது. பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாம், "ஏலே அழகு, இத எந்தக் கம்மாய்ல விடப் போற?" என்று கேட்கிறார்கள். கடல் இல்லாத ஊரில் இப்படி ஒன்று நின்றால் கேட்கத்தானே செய்வார்கள்.

இதற்குப் பதிலாக எதையும் கொடுக்க நினைக்காதே. அந்தப் பேச்சே வேண்டாம்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஆட்டோவைப் பட்டறையில் நிறுத்தச் சொல்லி அம்மா இறங்கினாள். படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "யாருக்குடா இது?" என்றாள். கொடைக்கானலுக்கு என்றேன். மூக்கின் உயரத்தை அண்ணாந்து பார்த்தாள். "கொடைக்கானல் ஏரியில இம்புட்டு அலையா?" என்று கேட்டாள். நான் உப்புத்தாளை எடுத்து ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். அவளும் அதற்கு மேல் கேட்காமல் ஆட்டோவில் போய் உட்கார்ந்துவிட்டாள். உன் பேரை இந்த மூன்று வருஷத்தில் அவள் வாயால் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. ஆனால் படகைத் தொட்ட கையைச் சேலையில் துடைக்காமல் வைத்திருந்தாள்.

எட்டுப் பேர் இல்லை என்று எழுதியிருந்தாய். எட்டுப் பேர்தானே? பட்டறையில் மூக்கையாவோடு ஆறு பேர். ஜமால் பாய் தன் லாரியைத் தருவதோடு தானும் வருகிறேன் என்கிறார், அவரை இரண்டு ஆளாகக் கணக்கு வைக்கலாம், ஆனாலும் ஒன்றாகவே வைக்கிறேன். எட்டாவது ஆள் நான்.

வருகிறேன், ஆனால் பேச மாட்டேன். உன் வீட்டுப் பக்கம் வர மாட்டேன், நேரே மணலுக்கு வந்து இறக்கித் தள்ளிவிட்டுப் போய்விடுவேன். நீ என்னிடம் ஏதாவது கேட்டு என்னைச் சோதிக்காதே. என் தலை என்றால் எப்போதோ மீறியிருப்பேன். ஒவ்வொரு தடவை அவளை அந்த மிஷினில் மாட்டும்போதும் நர்ஸ் என்னிடம் கையெழுத்து வாங்குகிறாள். அந்த நேரத்தில் எனக்கு அந்தச் சத்தியம்தான் ஞாபகம் வருகிறது. படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மாப்பிள்ளை எழுந்து நடக்கிறார் என்று மூக்கையா சொன்னான். அக்டோபர் நான்காம் தேதி காலையில் வருகிறோம்.

அழகுராஜா


சூசைப்பட்டினம்
8 அக்டோபர் 2025

அண்ணே,

நீ வந்தாய். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மணலைத் தவிர வேறு எதையும் பார்க்காமல், லாரியிலிருந்து இறங்கினாய். இளைத்துவிட்டாய். அதை அப்போது சொல்ல முடியாததால் இப்போது சொல்கிறேன். தோல் நாற்றத்தோடு வந்து இறங்கிய அந்தப் படகை ஊரே பார்த்தது. வலைக் கொட்டகையில் ஒருத்தர்கூட வேலை செய்யவில்லை. படகை நீங்கள் தள்ளும்போது நானும் வந்து கை வைத்தேன். உன் கைக்குப் பக்கத்தில்தான் வைத்தேன். நீ கையை எடுத்துவிடுவாய் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. மூக்கையா அண்ணன் மூலம் கொடுத்த மோரையும் குடித்தாய். இவர் உன் முன்னால் வந்து நின்று "மச்சான்" என்றார். நீ அவர் இடுப்புப் பெல்ட்டைத் தொட்டு, இறுக்கம் சரியா என்று இழுத்துப் பார்த்தாய். தனக்கு அது போதும் என்று பிறகு என்னிடம் சொன்னார். மத்தியானம் லாரி கிளம்பிப் போனது.

பெல்ட்டோடேயே இவரும், கூடக் கொழுந்தனும் கடலுக்குக் கொண்டுபோன படகு, சாயங்காலம் நான்கு மணிக்குத் திரும்பி வந்தது.

அண்ணே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. தள்ளிவிட எட்டுப் பேர் வந்தீர்கள். இழுத்து ஏற்ற யார் இருக்கிறார்கள்? நம் ஊரில் படகை ஏரியில் இறக்கினால் அது அங்கேயே கிடக்கும். உனக்கு அது தோன்றாததில் தப்பு இல்லை. எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். எப்போதோ ஒரு கடிதத்தில் எழுதியதை, நீ வருகிறாய் என்ற சந்தோஷத்தில் நான் மறுபடி நினைவுபடுத்தவே இல்லை, நினைவுபடுத்தினால் நீ வராமல் இருந்துவிடுவாயோ என்று பயம். இவரும் வாயைத் திறக்கவில்லை.

நானும் கொழுந்தனும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிற்றை இழுத்தோம். ஒரு முழம்கூட வரவில்லை. இவர் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தார், நான் கத்தி நிறுத்தினேன். கரையில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். ஒரு பெரியவர் எழுந்து இரண்டு எட்டு வைத்தார். யாரோ கனைத்தார்கள். அவர் திரும்பி உட்கார்ந்துவிட்டார். உடைகிற அலையிலேயே வைத்திருந்தால் படகு மணலில் மோதி நொறுங்கும் என்பதால், அலைக்கு அப்பால் கொண்டுபோய் நங்கூரம் போட்டார்கள். ஆள் இல்லாமல் விட்டால் நங்கூரம் இழுபடும். கொழுந்தன் நீந்தி வந்தான். இவர் படகிலேயே இருந்துகொண்டார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் காற்று எழுந்தது. வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உனக்குப் போன் அடித்தேன். எடுக்க மாட்டாய் என்று நினைத்தேன். எடுத்தாய். எல்லாவற்றையும் சொன்னேன். படகு நிற்குமா என்று கேட்டேன். தாங்குமா, தாங்காதா, ஆமா இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல் என்று கெஞ்சினேன். உன் மூச்சு கேட்டது. பக்கத்தில் அம்மாவின் இருமல் கேட்டது. அதுவும் எனக்கு மூன்று வருஷத்துக்குப் பிறகு. பிறகு நீ வைத்துவிட்டாய்.

படகு தாங்கியது அண்ணே. பொழுது விடிந்து பார்த்தபோது அங்கேயே நின்றது, நுரைக்கு மேலே மூக்கைத் தூக்கிக்கொண்டு. இவர் லுங்கியை அவிழ்த்து ஆட்டினார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வரவில்லையாம். இப்படி ஒரு படகு இந்தக் கரையிலேயே இல்லை என்கிறார்.

ஆனால் அதைக் கரைக்குக் கொண்டுவர முடியவில்லை. பக்கத்து ஊர்த் துறையில் விட இடம் கேட்டோம், உங்கள் ஊர் சரி என்றால் பார்க்கலாம் என்கிறார்கள். இப்போது ஒரு நாள் இவர், ஒரு நாள் கொழுந்தன், மாற்றி மாற்றிப் படகிலேயே படுக்கிறார்கள். எங்கள் வீட்டில் தினமும் ஒரு பாய் சும்மா கிடக்கிறது. வாடைக் காற்று இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்தால் என்ன செய்வது என்று யாரும் பேசுவதில்லை.

தமிழ்மதி


திண்டுக்கல்
13 அக்டோபர் 2025

தமிழு,

நீ போனில் பேசியதை எல்லாம் கேட்டேன். ஒரு எழுத்து விடாமல் கேட்டேன். தாங்கும் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. அம்மா அப்போது கட்டிலில் என்னைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அன்றைக்குக் காலையில் அவளை விட்டுவிட்டு வந்ததால் மிஷின் ஒரு வேளை தள்ளிப் போயிருந்தது, கால் இரண்டும் வீங்கியிருந்தன. நான் வாயைத் திறந்து, அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? வைத்துவிட்டேன். யாருடா என்றாள். ராங் நம்பர் என்றேன். "ராங் நம்பருக்கா இம்புட்டு நேரம் காது குடுத்துக்கிட்டு இருந்த?" என்றாள். அவளிடம் பொய் சொல்ல எந்தச் சத்தியமும் தடுக்கவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை நிஜம் சொல்லத்தான் தடுத்தது.

மறுநாள் அவளிடமே கேட்டேன். "நீ சொல்லிட்டா அந்தச் சத்தியத்த விட்டுர்றேம்மா" என்றேன். சேலையை இழுத்துக் கால் வீக்கத்தை மூடினாள். அப்புறம், "நான் போனதுக்கப்புறம் அவளுக்கு நீ வேணும்டா. அதுக்குள்ள ஆத்தா கோவத்த நீ வாங்கிக்கிறாத. கோயிலுக்குப் போய் ஆத்தாகிட்டயே கேளு" என்றாள். கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகப் போட்டு, வெள்ளை வந்தால் பேசலாம் என்று நினைத்துக்கொண்டேன். சிவப்பு வந்தது. இன்னொரு தடவை பார்க்கலாமா என்று பூசாரியிடம் கேட்டேன். "ஒரு கேள்விக்கு ஒரு தரம்தாம்ப்பா" என்று பொட்டலங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாசலில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

நீ முன்பே எழுதியிருந்தும் இழுத்து ஏற்றுவதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. மூன்று அச்சு செய்தேன், ஒரு நாள் சாயங்காலத்தை நினைத்துப் பார்க்கவில்லை. தினமும் எட்டுப் பேரை இங்கிருந்து அனுப்ப முடியுமா? அடியில் சக்கரம் வைத்துப் பார்க்கலாம் என்று வரைந்தேன், மூக்கையா மணலைக் குவித்து உருட்டிக் காட்டினான், புதைந்துவிட்டது. எடையைக் குறைக்க வேண்டுமென்றால் அந்த ஆழத்தை எடுக்க வேண்டும். ஆழத்தை எடுத்தால் மறுபடி மாப்பிள்ளையின் முதுகு. எப்படிச் சுற்றினாலும் அதே இடத்தில் வந்து நிற்கிறேன். கடலைத் தாங்குகிற மாதிரி ஒன்று செய்ய எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் ஊர்க் கரையைத் தாங்குகிற மாதிரி செய்ய எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளையிடம் இரண்டு விஷயம் சொல். நங்கூரக் கயிறு தண்ணீரின் ஆழத்தைப் போல ஆறு மடங்காவது நீளமாக இருக்கட்டும். கயிற்றை மூக்கில் இருக்கிற கொக்கியில் மட்டும் கட்ட வேண்டும், பக்கத்தில் கட்டினால் அலைக்கு வயிற்றைக் காட்டிவிடும். மூக்கு காற்றைப் பார்த்து நிற்கும்வரை அந்தப் படகு தாங்கும். இதைப் போனில் சொல்ல முடியாமல் போனதால் நீ அன்றைக்கு விடியும்வரை கரையில் நின்றிருப்பாய் என்று எனக்குத் தெரியும். மூக்கையாவை விட்டுச் சொல்லச் சொன்னேன், அவன் அடித்தபோதெல்லாம் உன் லைன் கிடைக்கவில்லை.

இன்னொன்று. நாளையிலிருந்து சாயங்காலம் படகு திரும்புகிற நேரத்துக்கு எனக்குப் போன் அடி. எடுப்பேன். நான் பேச மாட்டேன். நீ பேசு. இன்றைக்கு யார் படகில் படுக்கிறார்கள், காற்று எந்தப் பக்கம், அந்தப் பெரியவர் எழுந்து வந்தாரா, எல்லாம் சொல். போனை அம்மா தலையணைப் பக்கம் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறேன். ராங் நம்பர் என்று சொல்லிவிடுகிறேன். அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அழகுராஜா